சார்ஜுக்கு மட்டும்

ஆல்பேட்டைச் சாவடியில் பெட்டியோடு இறங்கச் சொன்னார்கள்.
பாண்டிச்சேரியிலிருந்து மடியில் பெட்டி வைத்து வருகிறவன்
வேறென்ன கொண்டுவருவான்.
பிரித்துப் பார்த்த ஏட்டையா
"கம்ப்யூட்டரா" என்றார்.
குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

எழுபத்தெட்டாயிரம். பதினெட்டு மாதத் தவணை.
சோப்புப்பெட்டி கனம்கூட இல்லை.
பக்கவாட்டில் இரண்டே துளைகள்,
இரண்டும் புது மாதிரி.
என் பழைய ஒயரின் சதுர வாய்க்கு அங்கே இடமில்லை.
போனுக்கு வந்த ஒயர் பொருந்தியது.
பொருந்தியதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

நான் சாவு வீடுகளைப் படமெடுக்கிறவன்.
கல்யாணத்துக்கு மஞ்சக்குப்பத்தில் தெருவுக்கு நாலு பேர்.
இதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்,
லீவு கிடைக்காத மகன்களுக்காக.

வண்ணாரப்பாளையம் கலியமூர்த்தி,
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.
மூன்று கேமரா, இரண்டு நாள், அறுநூற்று நாற்பது ஜிபி.
"எதையும் வெட்டாதீங்க, அப்படியே வேணும்"
பஹ்ரைனிலிருந்து தேவநாதன் சொல்லிவிட்டான்.
டிஸ்க்கை வாங்கிக்கொள்ள அவன் மச்சான்
ஒன்பது மணிக்கு வருகிறார், விடிகாலை விமானம்.
அதற்குள் ஒரு நகல் என்னிடம் தங்க வேண்டும்.

ஏழு மணிக்குப் போட்டேன்.
மீதம்: நாலே முக்கால் மணி நேரம்.

அணைத்து ஏற்றினேன். அதே.
வைரஸ் காவலாளியைத் தூங்கவைத்தேன். அதே.
இன்னொரு துளை. அதே.
விநாடிக்கு முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு,
ரேஷன் கடை வரிசை மாதிரி.
டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தேன்.
சாவு எனக்குப் பழக்கம்தான்
என்றாலும் கை வியர்த்தது.

பழைய கம்ப்யூட்டரை ருக்மாங்கதனின் ஜெராக்ஸ் கடைக்கு
ஆறாயிரத்துக்குத் தள்ளியிருந்தேன்.
டிஸ்க்கோடும் சதுரவாய் ஒயரோடும் ஓடினேன்.
விசைப்பலகையில் பூந்திப் பிசுக்கு,
மின்விசிறி லாரி போல உறுமுகிறது.
அதில் நானூற்றுப் பத்து.
அந்தக் கிழம் என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது.

கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.
எதிர்முனையில் நஸ்ரின் என்று ஒரு பெண்.
கத்தி முடிக்கும் வரை காத்திருந்தாள்.
"எந்த ஒயர் சார்?"
"போன் ஒயர்."
"அது சோறு ஊட்டற ஒயர் சார்.
பேச்சும் வரும், ஆனா குசுகுசுன்னுதான்.
டிஸ்க் வாங்கின டப்பாவுல குட்டியா ஒண்ணு இருக்கும், பாருங்க."

இருந்தது.
பரணில், மூன்று வருடமாக,
முறுக்குக் கம்பி அவிழ்க்காமல், ஒரு சாண் நீளத்தில்.
இரு முனையும் புது மாதிரி.
பார்வைக்கு இரண்டு ஒயருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

எட்டு இருபது.
மீதம்: இருபத்தாறு நிமிடம்.

காத்திருந்த நேரத்தில் ஒரு துண்டை ஓடவிட்டுப் பார்த்தேன்.
பாடை கட்டுமிடத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர்
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
"எந்தக் கம்பியில உசுரு இருக்கு, எதுல இல்லன்னு
நின்ன எடத்துலயே சொல்லிடுவாரு கலியமூர்த்தி."
படமெடுத்தபோது இது என் காதில் விழவில்லை.

அடுத்த துண்டு மயானம்.
ஒரு பையன் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கிறான்.
அதற்குள் தேவநாதனின் முகம்
கட்டம் கட்டமாகப் பிளந்து நிற்கிறது,
வாய் திறந்தபடி.
சட்டி உடைகிறது, அவன் அசையவில்லை.
கொள்ளி வைக்கிறார்கள், அவன் அசையவில்லை.
எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் நடக்கையில்
அந்தச் சின்னத் திரையில்
"அப்பாவக் காட்டு, அப்பாவக் காட்டு" என்று குரல் வருகிறது.

வாசலில் கார் ஹாரன்.
மச்சானிடம் டிஸ்க்கைக் கொடுத்தேன்.
குட்டி ஒயரையும் கொடுத்து,
இதில்தான் மாட்ட வேண்டும், வேறெதிலும் கூடாது என்று
இரண்டு தடவை சொன்னேன்.
பசியில் இருந்தார். தலையாட்டினார்.

போன் ஒயருக்கு வெள்ளை டேப் சுற்றி
பேனாவால் எழுதிவைத்தேன்:
சார்ஜுக்கு மட்டும்.